நாலாம் மாடியிலிருந்து ஒரு சொட்டு

— நிறுத்து ஷவ்கி, நிறுத்து! அக்குள் வரைக்கும் ஏறிடுச்சு. அது டயப்பரா, குளிர்காலக் கோட்டா?

— கொஞ்சம் பொறு இன்ஸாஃப். இந்த ஒட்டுப்பட்டையை முதுகுப் பக்கமா சுத்தி, திரும்ப வயித்துக்குக் கொண்டாந்தா கச்சிதமா நிக்கும். என் தொழில்ல சொல்றேன், நாற்காலி சின்னதா இருந்தா உறையை மடிச்சு உள்ள தள்ளணும். அவ்வளவுதான்.

— நம்ம மகன் நாற்காலி இல்ல.

— ஆமா, நாற்காலின்னா இப்படி உதைக்காது.

— பாக்கெட் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? பன்னெண்டு கிலோவுலேர்ந்து பதினெட்டு கிலோ வரைக்கும்! பொறந்து ஆறு நாளான பிள்ளை, இன்னும் மூணு கிலோவையே எட்டல.

— பெருசா வாங்கினா வளர்ந்த பிறகும் ஆகும்னு கடைக்காரன் சொன்னான்.

— வளர்ந்த பிறகு ஆகும். இப்ப மூழ்கிடுவான். பாரு, தலையும் ரெண்டு பாதமும்தான் வெளியில தெரியுது. ஐயோ, சிரிக்க வைக்காதே, வயித்துத் தையல் பிரிஞ்சுடும்.

— பிரிஞ்சா நான் போட்டுத் தரேன். அந்த டாக்டர் போட்டதை விட நேரா இருக்கும்.

— ஷவ்கி! சத்தியமா வலிக்குது, வாய மூடு!

— வீட்ல யாரும் உயிரோட இருக்கீங்களா? கதவை ஒரு ஆளு பிடிங்க, கையில மூட்டை!

— வா அக்கா, வா. இன்ஸாஃப், என் அக்கா விதாத் வந்தாச்சு.

— நாலு மாடி! என் முழங்கால் ரெண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துடுச்சு, மிச்சம்தான் மேல வந்திருக்கு. எங்க என் பிச்சைக்காரன்? இன்ஸாஃப், பிள்ளைய எங்க வச்சிருக்கே?

— அதுக்குள்ளதான் இருக்கான் மதினி. உங்க தம்பியோட கைவேலை.

— அல்லாவே! டேய் ஷவ்கி, இருபது வருஷமா தும்யாத் ஊர் முழுக்க சோபாவுக்கு உறை தைக்கிறே. ஒரு பிள்ளையோட குண்டிய மூடத் தெரியலையாடா உனக்கு?

— சோபா அசையாம இருக்குமே அக்கா.

— பேச்சு மட்டும் வக்கணை. நவுரு. அந்தப் பிளாஸ்டிக்கை உருவித் தூரப் போடு. இன்ஸாஃபு, இந்த மூட்டைய அவிழ்த்துப் பாரு கண்ணு. இருபத்தோரு துணி. அஞ்சு நாளா உட்கார்ந்து ஓரம் அடிச்சிருக்கேன். எல்லாம் பிச்சை எடுத்த துணி!

— பிச்சை எடுத்ததா?

— பின்ன? நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ உங்க பால்கனியில நின்னு, காய்கறி வாங்குற கூடைய கயித்துல கட்டித் தெருவுக்கு இறக்கினேன். "இன்ஸாஃபோட பிள்ளைக்கு ஒரு பழந்துணி பிச்சை போடுங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே கூடி வந்து போட்டுச்சு.

— மதினி! எனக்கு மானமே போச்சு!

— போகட்டும். மானத்தைக் காப்பாத்தவா பிச்சை எடுக்குறாங்க? பதினோரு வருஷம் கண்ணு. மூணு தடவை வயித்துல வந்தது தங்காமப் போச்சு. நாலாவதா இவன் வந்திருக்கான். பட்டும் சரிகையும் போட்டு ஊருக்குக் காட்டினா கண்ணு விழும். ஏழு வீட்டுல பிச்சை எடுத்துக் கட்டின பிள்ளைய எவ பொறாமையாப் பார்ப்பா? பரிதாபமா ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுவா. அதுதான் நமக்கு வேணும்.

— எனக்குப் புரியுது மதினி. ஆனா நான் டயப்பர்தான் போடப் போறேன். கண்ணு படுறதுன்னா டயப்பர் மேலயும் வழுக்கிக்கிட்டுப் போயிடும். பிளாஸ்டிக்தானே?

— கேட்டியாடா உன் பொண்டாட்டி பேசுறதை?

— அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு அக்கா. என் தொழில்ல சொல்றேன், வழுவழுன்னு இருக்குற உறை மேல எந்தக் கறையும் ஒட்டாது.

— ஆனா உள்ள புழுங்கும்ல? வேனல்ல பிள்ளை வெந்து போயிடுவான்ல?

— அதுவும் சரி. காத்து போகாத உறைன்னா உள்ள இருக்குற பஞ்சு வீணாப் போகும்.

— நீ யார் பக்கம் ஷவ்கி?

— யார் பேசினாலும் அவங்க சொல்றது சரின்னுதான் எனக்குத் தோணுது இன்ஸாஃப். அதான் நான் கோர்ட்டுக்குப் போகாம பட்டறைக்குப் போனேன்.

— சரி கண்ணு, நீ சொல்லு. துணி ஏன் வேணாம்?

— யாரு துவைக்கிறது? தையல் காயுற வரைக்கும் குனியக் கூடாதுன்னுட்டாங்க.

— மெஷின் இருக்கு, நான் இருக்கேன். தினமும் வரேன்.

— உங்க முழங்கால்?

— அது ரெண்டாம் மாடியில காத்திருக்கும். அடுத்தது சொல்லு.

— துணி ஊறி ஊறி ஈரமாகும்.

— பிள்ளைன்னா ஈரம்தான். அடுத்தது?

— வந்து... ஐயோ மதினி! நவுருங்க, நவுருங்க!

— என்ன... ஆ! என் மூஞ்சி! என் தலைத்துணி!

— மாஷா அல்லா! பாரு அக்கா என் மகனை! ஒன்றரை மீட்டர் போயிருக்கும்! அளவுக்கோல் எங்கே?

— அளவுக்கோலாம்! டேய், முதல்ல ஒரு துண்டைக் குடுடா!

— ஐயோ, நாற்காலி! அந்த நாற்காலிய இழு இன்ஸாஃப்! ஒரு கல்யாண வீட்டுக்காரங்க உறை போடக் குடுத்த வெல்வெட்டு அது, இன்னைக்கு சாயந்தரம் குடுக்கணும்!

— நான் எங்க இழுக்குறது, சிரிச்சுச் சிரிச்சுச் செத்துக்கிட்டிருக்கேன். தையல், தையல்...

— உனக்கு ஒரு சுருள் வெல்வெட்டு போனாலும் தகும்டா. திறந்து போட்டுட்டு வாதம் பண்ணினா பிள்ளை தீர்ப்பு சொல்லாம என்ன பண்ணுவான்? இந்தா, இந்தத் துணிய எடுத்துக் கட்டு. பாரு கண்ணு, எவ்வளவு மெத்துன்னு இருக்கு. இது மருந்துக்கடைக்காரம்மா குடுத்த பைஜாமா, கோடு போட்டது. இது கீழ முடி வெட்டுற ஃபவ்ஸியோட வெள்ளைத் துண்டு.

— ஃபவ்ஸி கடைத் துண்டா? அதுல முடி இருக்கும் மதினி!

— மூணு தடவை கொதிக்க வச்சேன். முடியும் இல்ல, ஃபவ்ஸியும் இல்ல. சரி, உண்மையச் சொல்லு. நீ சொன்ன காரணம் எதுவும் காரணமே இல்ல. உன்னை எனக்குத் தெரியாதா? என்ன விஷயம்?

— கொடி.

— கொடியா?

— துணின்னா நாளைக்குப் பத்து தடவை துவைக்கணும். துவைச்சா உலர்த்தணும். நம்ம கொடிக்கு நேர் கீழ எவ கொடி இருக்கு? மூணாம் மாடிக்காரி கொடி. அவ மேல ஒரு சொட்டு விழறதுக்கும் நான் இடம் குடுக்க மாட்டேன். நாலு வருஷமாக் குடுக்கல.

— மூணாம் மாடிக்காரி! அக்கா, கூடப் பொறந்த தஹிய்யாவுக்கு இவ வச்சிருக்குற பேரைப் பாரு.

— அவளுக்கு நான் யாரு? "மேல் மாடி"தானே?

— அந்தச் சண்டையெல்லாம் எனக்குத் தெரியும் கண்ணு. ஊருக்கே தெரியும்.

— உங்களுக்குத் தெரிஞ்சது அவ சொன்ன கதை மதினி. நாலு வருஷமா அந்த விரிப்பைக் கையில வச்சுக்கிட்டு, வர்றவ போறவளுக்கெல்லாம் பிரிச்சுக் காட்டுறாளே! என் கதைய யாரு கேட்டா?

— சரி, நான் கேக்குறேன். சொல்லு.

— அவ மகள் நெர்மினோட கல்யாணச் சீர். பீச் நிறத்துல பருத்தி விரிப்பு, ஓரம் பூரா மாதுளைப் பூ வேலைப்பாடு. அதுல பாதிப் பூ நான் போட்டது, அதை அவ யார்கிட்டயும் சொல்றதில்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாயந்தரம் சீர் பார்க்க வராங்கன்னு காலையில கொடியில விரிச்சிருக்கா. நான் பார்க்கல. ஷவ்கியோட பட்டறை சட்டைய பிளீச்சிங்ல ஊற வச்சு, அப்படியே எடுத்து மேல தொங்க விட்டேன்.

— சொட்டு சொட்டா.

— சொட்டு சொட்டா. விழுந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் போயிடுச்சு. அவ போட்ட கூச்சல்ல எட்டிப் பார்த்தேன். பார்த்தா, அந்த வெள்ளைப் பொட்டெல்லாம் நட்சத்திரம் மாதிரி அவ்வளவு அழகா இருந்துச்சு... நான் சிரிச்சுட்டேன் மதினி.

— சிரிச்சியா?

— சிரிச்சேன். அது தப்புதான். ஒத்துக்குறேன். ஆனா அவ என்ன சொன்னா தெரியுமா? தெருவே கேக்க, "பிள்ளை இல்லாதவளுக்குப் பொண்ணைப் பெத்தவ வேதனை என்ன தெரியும்"னு கேட்டா. எனக்கு மூணாவது தடவை போய் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன்.

— இதை எனக்கு யாரும் சொல்லல கண்ணு.

— அவ எப்படிச் சொல்வா? கடைசியா சத்தியமும் பண்ணா. "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஆனா மேலருந்து இன்னொரு சொட்டு விழுந்துச்சுன்னா, அன்னைக்கு ஏறி வந்து உன் முடியக் கத்தரிச்சு எடுப்பேன்"னு. அன்னையிலேர்ந்து ஈரத்துணியெல்லாம் மொட்டை மாடிக்குத்தான்.

— நான்தான் சுமக்குறேன் அக்கா. எனக்குத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போச்சு. இவ உண்டான பிறகு, கைக்குட்டையக் கூடக் கொடியில போட விடல.

— சரி கண்ணு, நான் ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு ஏழாம் நாள் சடங்கு. பிள்ளையச் சல்லடையில கிடத்துவோம், நீ ஏழு தடவை தாண்டுவே. காதுகிட்ட பித்தளை உரலைத் தட்டி "அம்மா சொல்றதைக் கேளு, அப்பன் சொல்றதைக் கேக்காதே"ன்னு சொல்றது யாரு?

— நீங்கதான் மதினி.

— நான் தட்டுவேன், எனக்கென்ன. உன் மனசுல இருக்குறது நான்தானா?

— சொல்லு இன்ஸாஃப். நேத்து சாயந்தரம் என்கிட்ட அழுதியே, அதைச் சொல்லு.

— உனக்கு வாயே அடங்காதா ஷவ்கி? ...நெர்மின் பொறந்தப்போ நான்தான் உரலைத் தட்டினேன். எனக்கு அப்ப பதினாறு வயசு. கை வலிக்கத் தட்டினேன். "உன் பிள்ளைக்கு நான் தட்டுறேன்டி"ன்னு அக்கா அன்னைக்கே சொன்னா. அம்மாவோட உரல் இப்பவும் அவகிட்டதான் இருக்கு. நாளைக்கு இந்த வீடு பூரா ஷவ்கியோட ஆளுங்கதான் இருப்பாங்க. என் ரத்தம்னு சொல்ல ஒருத்தி இருக்க மாட்டா. ஒரு மாடிக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு, இங்க போடுற குலவையக் கேட்டுக்கிட்டு இருப்பா.

— போய்க் கூப்பிடேன்.

— நான் ஏன் கூப்பிடணும்? அவதானே அந்த வார்த்தைய சொன்னா? ஆறு நாளாச்சு, பிள்ளை அழுற சத்தம் அவளுக்குக் கேக்காமலா இருக்கும்? ஒரு தடவை ஏறி வந்தாளா?

— அக்கா, ஒரு நிமிஷம். அந்த மூணு துணிய ஏன் எடுத்து மூட்டைக்கு அடியில சொருகுறே?

— எதை? ஒண்ணுமில்ல. அது ஓரம் சரியா அடிக்கல.

— உன் கையில ஓரம் சரியா அமையாத துணியா? காட்டு.

— விடுடா!

— மதினி, காட்டுங்க.

— இந்தா, நீயே பாரு.

— இது... இந்த நிறம்... ஷவ்கி, இங்க பாரு. இந்த வெள்ளைப் பொட்டு. இந்த மாதுளைப் பூ நான் போட்டது. காம்பு கோணலா இருக்கு பாரு, எனக்கு எப்பவும் கோணலாத்தான் வரும்.

— யா அல்லா! சாட்சியையே கத்தரிச்சுட்டாளா!

— இது எப்படி உங்களுக்குக் கிடைச்சுது மதினி?

— சத்தியமா நான் கேக்கல கண்ணு. தெருவுல ஆறு வீட்டுத் துணிதான் சேர்ந்துச்சு. ஏழாவதுக்கு எவளைக் கூப்பிடலாம்னு யோசிச்சுக்கிட்டே கூடைய மேல இழுத்தேன். மூணாம் மாடிகிட்ட வந்ததும் கயிறு நின்னுடுச்சு. எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு எட்டிப் பார்த்தா, ஒரு கை. கை மட்டும்தான் தெரிஞ்சுது. கூடைய ஓரமாப் பிடிச்சு, இதை மடிச்சு உள்ள வச்சுது.

— ஒண்ணும் சொல்லலையா?

— "துவைச்சது"ன்னு மட்டும் சொன்னா. உள்ள போயிட்டா.

— துவைச்சதுன்னு சொன்னாளா...

— இதைத்தான் மறைச்சேன். நீ பார்த்தா தூக்கிக் கீழ எறிஞ்சுடுவியோன்னு பயம். எறிஞ்சா ஏழு வீடு ஆறாப் போயிடுமே.

— ஷவ்கி, அந்தக் கோடு போட்டதை அவுரு. இதைக் கட்டு.

— இதையா?

— இதைத்தான். இன்னும் கொஞ்சம் இழு, தொப்புள்ல படாம. ...ஏன் ரெண்டு பேரும் என்னையே பார்க்குறீங்க? நான் அழல. பிள்ளை பெத்தவளுக்குக் கண்ணுல தண்ணி வரும்னு டாக்டரே சொல்லியிருக்கார்.

— சொன்னார், சொன்னார். நானும் பக்கத்துல இருந்தேன். அட, இன்ஸாஃப்! நனைச்சுட்டான்! கட்டி முடிக்கலை, அதுக்குள்ள!

— நல்ல நேரம்டா! பெரியம்மா துணிக்குக் கும்பிடு போட்டுட்டான். குடு, நான் போய் அலசிக்கிட்டு வரேன். நல்லாப் பிழிஞ்சு மொட்டை மாடியில...

— மதினி, நில்லுங்க.

— என்ன?

— பிழியாதீங்க.

— பிழியாம எப்படி? சொட்டுமே.

— சொட்டட்டும். மொட்டை மாடி வேணாம். இங்க, நம்ம கொடியில போடுங்க.

— இன்ஸாஃப்! உனக்கு என்ன ஆச்சு? பெத்த உடம்போட சண்டை இழுக்கப் போறியா?

— யோசிச்சுப் பாரு ஷவ்கி. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா, அதனால வர முடியாது. ஆனா ஒரு சொட்டு விழுந்தா ஏறி வரேன்னும் சத்தியம் பண்ணியிருக்கா. ஒரு சொட்டு விழுந்தா? வந்துதானே ஆகணும்?

— ...வந்துதான் ஆகணும்! அக்கா, கேட்டியா! என் பொண்டாட்டி தலைக்குள்ள என்ன பஞ்சு அடைச்சிருக்கு பாரு!

— முடிய அறுப்பேன்னாளே கண்ணு?

— அறுக்கட்டும். ஆறு நாளா சீப்பே படாத முடி. வாரிச் சீவுற வேலை எனக்கு மிச்சம். போங்க மதினி, சீக்கிரம்!

— இந்தா அலசியாச்சு. தண்ணி வழியுது. ஷவ்கி, பால்கனிக் கதவைத் திற. சீக்கிரம்டா, தரையெல்லாம் நனையுது.

— போடு அக்கா, போடு. நடுவுல. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ஆங். விழுது! முதல் சொட்டு! ரெண்டு! மூணு!

— என்ன பண்றா? வெளிய வந்தாளா?

— இன்ஸாஃப்... அவ கொடியில ஒண்ணுமே இல்லையே.

— என்ன?

— காலி. ஒரு துணி இல்ல, ஒரு கிளிப் இல்ல. வெறும் கயிறு. சொட்டு நேரா தெருவுக்குப் போயிடுது. ஃபவ்ஸி தலையத் தடவிக்கிட்டு மேல பார்க்குறார்.

— நல்லாப் பாரு! திங்கக்கிழமை அவ எப்பவும் வெள்ளைத் துணி துவைப்பா. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குத் திங்கக்கிழமைதான்.

— வெறும் கயிறுன்னு சொல்றேன்ல.

— அப்ப வீட்ல இல்லையோ? நெர்மின் வீட்டுக்குப் போயிட்டாளோ? நான் சொட்டு விடணும்னு நினைச்ச அன்னைக்குத்தானா அவ ஊருக்குப் போகணும்!

— அழாத கண்ணு, அழாத. ஷவ்கி, நிக்கிறியே மரமா! இன்னும் ரெண்டைப் போடு. அந்த வாளியையும் எடுத்துக்கிட்டு வா.

— வாளியா அக்கா? சொட்டுன்னுதானே சத்தியம்?

— வாளி பூரா சொட்டுதான்டா. ஊத்து!

— ஊத்தறேன்... பிஸ்மில்லா!

— ஏதாவது கேக்குதா?

— ஃபவ்ஸி திட்டுறது கேக்குது.

— உஷ்! ரெண்டு பேரும் சும்மா இருங்க. படிக்கட்டுல.

— காலடிச் சத்தம்!

— காலடி மட்டும் இல்ல அக்கா. என்னமோ கம்பியில இடிச்சுக்கிட்டே வருது. டங்... டங்... பித்தளைச் சத்தம். இன்ஸாஃப், உலக்கையத் தூக்கிக்கிட்டு வராடி! நான் கதவைச் சாத்தட்டுமா?

— சாத்தினா உன்னைக் கொன்னுடுவேன். அகலத் திற! மதினி, பிள்ளைய என் கையில குடுங்க. முடிய இப்படி முன்னால விட்டா சரியா இருக்குமா? ஷவ்கி, கத்தரிக்கோல் எங்கே? எடுத்து முன்னால வை, அவ தேடக் கூடாது.

— வந்துட்டா. தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. கையில உரல்.

— அக்கா...

— ஏண்டி, பிள்ளை பொறந்த நாள்லேர்ந்து நீ தாராளமாத் துணி போடட்டும்னு என் கொடியக் காலி பண்ணி வச்சுட்டு, அண்ணாந்து பார்த்துக்கிட்டே நிக்கிறேன். ஒரு சொட்டு விட உனக்கு ஆறு நாளாச்சா?